அழுக்குத் தெரியாத நிறம்

ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் ஃபுளோரிங் கடைக்கு வருகிற எங்கள் தமிழ் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். மரமா, ரைலா, வைனிலா என்பதெல்லாம் பிறகு. "அழுக்குத் தெரியாத கலர் எது?"

இந்தக் கேள்விக்குப் பதினேழு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் ரதி அக்கா. வீட்டில் எத்தனை பேர், நாய் நிற்கிறதா, சமையலறைக்குள் வெளிக்கதவு திறக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்பார். பிறகு எழுந்து போய் அலுமாரியில் இருந்து ஒரு மாதிரித் துண்டை உருவிக்கொண்டு வந்து மேசையில் வைப்பார். அந்தத் தரையில் மிளகாய்த்தூள் போத்தலையே கவிழ்த்தாலும் விருந்தாளிக்குத் தெரியாது. சனம் கைகூப்பாத குறையாக வாங்கிக்கொண்டு போகும். வீட்டைக் கூட்டுவதைவிடக் கூட்டாதது தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்கு முக்கியம் என்று நான் சொல்வேன். அக்கா "சும்மா இரு நிலாணி" என்பார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடை முதலாளியே என்னோடு இரண்டு தரம் யோசித்துத்தான் கதைப்பார். ரதி அக்கா அதற்கு நேர்மாறு. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறர் போடும் சத்தத்தையும் அவரால் தாங்க முடியாது. பின்கட்டில் ஒரு பலகைக் கட்டு விழுந்தால் அக்கா மேசைக்குக் கீழே இருப்பார். ஜூலை முதலாம் திகதி, இந்த நாட்டின் பிறந்தநாள் என்று ஊர் முழுக்க வாணவேடிக்கை பார்க்கும்போது, அவர் ஒரு பெரிய அங்காடியின் நிலத்தடிக் கார் தரிப்பிடத்தில் வானொலியைக் கூட்டி வைத்துக்கொண்டு காருக்குள் இருப்பார். இதைச் சொல்லி நான் நிறையச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, பள்ளிக்கூட மதிலோரம் கிடந்த ஒன்றை அவருடைய அண்ணன் கையில் எடுத்தார். அண்ணன் இப்போது பாரிசில் நலமாக இருக்கிறார். வலது கை மட்டும் மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. இதை அக்கா ஒரே ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்கு இடையில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அன்றிலிருந்து யாருடைய கையைப் பார்த்தாலும் தன்னை அறியாமல் விரல்களை எண்ணுவாராம். மகன் பிறந்தபோது தாதி பிள்ளையைக் கையில் கொடுத்ததும் எண்ணினார். எல்லாத் தாய்மாரும் அதைச் செய்வார்கள்தான். ஆனால் மற்றவர்கள் ஒரு நாளோடு நிறுத்திவிடுவார்கள்.

அந்த மகன் ராகுலன். ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வயது. செயற்கைப் பல் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பல் பொருந்தாது என்பதால், எதையும் அளந்து பார்க்கிற பொடியன். அவனுடைய அப்பா சிவபாதம் ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். வோபர்னில் உள்ள சின்ன வீட்டில் தாயும் மகனும் மட்டும். அப்பா செத்த வருடம் பொடியன் பேச்சு மூச்சில்லாமல் திரிந்தான். அப்போது வேலையிடத்து நண்பன் ஒருவன் அவனைச் சுடுபயிற்சி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே போய் வந்த பிறகுதான் ராகுலன் திரும்பச் சாப்பிட ஆரம்பித்தான் என்று அக்கா சொல்வார். அதனால் அவரால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

பயிற்சி வகுப்பு, பரீட்சை, அனுமதி அட்டை என்று எல்லாம் ஒழுங்காக எடுத்தான். துப்பாக்கி அனுமதிக்கான அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் மகனைப் பற்றி உங்களுக்கு ஏதும் கவலை இருக்கிறதா என்று கேட்டாளாம். அரசாங்கக் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு நா வறண்டுவிட்டது. "நோ, நோ, குட் போய்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கவலை இருக்கிறது, உயிர் போகிற கவலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு என்னிடம் அழுதார்.

போன வருடம் செப்டெம்பரில் ஒருநாள், காலை கடை திறந்ததும் அக்கா ஒரு துண்டுக் கடதாசியை என் முன்னால் வைத்தார். ஒன்பதடிக்குப் பதினொரு அடி என்று எழுதியிருந்தது.

"பேஸ்மென்ட் அறை. என்ன ஃபுளோர் போடலாம் எண்டு சொல்லு."

"உங்களுக்கே நான் சொல்லுறதோ? ஆருக்கு அக்கா?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடையில் ஒருவரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தினார். "ராகுலனுக்கு. அவன் வீட்டில ரவை செய்யப் போறானாம்."

எனக்குப் புரியச் சிறிது நேரம் எடுத்தது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை எறியாமல் வைத்திருந்து, துப்புரவாக்கி, அடியில் புதிதாக ஒரு பொட்டு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயமுனையை அழுத்தினால் துப்பாக்கி ரவை மறுபடி தயார். அடியில் வைக்கும் பொட்டை அவர்கள் பிறைமர் என்பார்கள். உளுந்தம்பருப்பு அளவுதான். அடி விழுந்தால் தீப்பற்றுவது அதுதான். கடையில் வாங்கும் ரவை ஒன்றைப்போல ஒன்று இராது, தானே செய்தால் குறி பிசகாது என்பது அவனுடைய கணக்கு. சட்டத்துக்குள் உள்ள விசயம்தான். நான் அதையும் விசாரித்தேன்.

"எங்கட ஆக்கள் பேஸ்மென்டில பூசை அறை வைப்பினம், பார் வைப்பினம், வாடகைக்கு ஆள் வைப்பினம். உங்கட பொடியன் ஆயுதத் தொழிற்சாலை வைக்கிறான்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கடதாசியைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

"ஏலாதெண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னனான். அப்ப சிநேகிதன்ர கராஜில செய்யிறனெண்டான், ரெக்ஸ்டேலில. அங்க ஏதும் நடந்தால் எனக்கு ஆர் சொல்லுவினம்? பொலிஸ் வந்து கதவைத் தட்டித்தான் தெரியவேணும். வீட்டில எண்டால் என்ர கண்ணுக்கு முன்னால நடக்கும். நான் ஓடிப்போய்த் தூக்கலாம்." இதைச் சொல்லும்போது அவருடைய கண் என் கையில் இருந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது.

அடுத்த மூன்று கிழமை அந்த மனுசி பட்ட பாடு! வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் மாதிரித் துண்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இருப்பார். கார்ப்பெற் முதலில் போனது. குளிர்காலத்தில் கார்ப்பெற்றில் காலுறையோடு நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் விரலில் சுளீர் என்று அடிக்குமே, அந்தப் பொறி போதும் என்று எங்கோ வாசித்திருந்தார். அதோடு கொட்டுகிற மருந்தெல்லாம் நாருக்குள் இறங்கிவிடும். லமினேற்றைத் தள்ளி வைத்தார். பலகைக்குப் பலகை பொருத்து, பொருத்துக்குள் தூள் போனால் எடுக்க ஏலாது. ரைலிலும் அதே கதைதான், போதாததற்கு அது கல்லுப்போல. பிறைமர் விழுந்து அதன்மேல் ஏதும் பாரம் விழுந்தால்? வெறும் சீமெந்து குளிர், புழுதி, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளை.

"பதினேழு வருசமா வித்த ஃபுளோரெல்லாம் எனக்கு எதிரியாப் போச்சு நிலாணி" என்றார்.

கடைசியில் ஆஸ்பத்திரிகளிலும் கம்பியூட்டர் அறைகளிலும் போடுகிற ஒரு வகை வைனிலில் வந்து நின்றார். ஒரே விரிப்பு, நடுவில் பொருத்து இல்லை. சுவரிலும் நாலு அங்குலம் ஏறி நிற்கும், மூலை முடுக்கு என்று எதுவும் இராது. நடந்தால் பொறி பிறக்காது. கடை வரலாற்றில் ஒரு வீட்டு அறைக்கு இவ்வளவு சரியாக யாரும் தரை தெரிவு செய்யவில்லை. பயம் மனிதரை மூடராக்கும் என்று நினைத்திருந்தேன். அக்காவை அது கெட்டிக்காரியாக்கியிருந்தது, நிறம் வரும்வரைக்கும்.

நிறம் பார்க்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் ராகுலன் கடைக்கு வந்தான். நெடிய பொடியன், அப்பாவின் மூக்கு, அளந்து அளந்து பேசும் பேச்சு. மாதிரிப் புத்தகத்தைப் புரட்டினான். முதல் பக்கத்திலேயே விரலை வைத்தான்.

"அம்மா, பிளெய்ன் வைட் போடுவம்."

"வெள்ளையோ?" அக்காவின் குரல் திடீரென்று உயர்ந்தது. "ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கும். வேண்டாம். உப்பும் மிளகும் தூவினமாதிரி ஒண்டு கிடக்கு, இஞ்ச பார். வடிவு."

"இல்லை அம்மா. பவுடர் கிறே கலர். குட்டிக் குட்டியா இருக்கும். வைட் எண்டால் விழுந்தது உடன தெரியும். ஐ நீட் ரு ஸீ இற்."

"விழாமல் செய்."

"விழாமல் ஒருதரும் செய்யேலாது அம்மா."

"எனக்குத் தெரியாதெண்டே சொல்லுறாய்? நீ பிறக்க முதல் இருந்தே நான் தரை கூட்டுறன். வெள்ளை வேண்டாம்." நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. ஒரு நிறத்துக்கு யாரும் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "வெள்ளை போட்டால் ரெண்டு கிழமையில பஸ் நிலையத்துக் கழிவறை மாதிரிப் போயிரும் தம்பி. அம்மா சொல்லுறதைக் கேளும். இந்தக் கடையிலேயே ஆகக் கூட விக்கிற கலர் உதுதான். ஒரு அழுக்குத் தெரியாது" என்றேன்.

அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். அறையையே தருகிற மனுசியோடு நிறத்துக்காக மல்லுக்கட்டுவதா என்று யோசித்திருப்பான். "சரி அம்மா. உங்கட விருப்பம்." உப்பும் மிளகும் என்று பற்றுச்சீட்டில் எழுதியது நான்தான்.

ஒக்டோபரில் தரை போட்டாயிற்று. ராகுலன் கதவுக்குப் பூட்டுப் போட்டான். இரண்டு நாளைக்கு ஒருக்கால், வேலையால் வந்து ஒரு மணித்தியாலம் உள்ளே இருப்பான். அந்த ஒரு மணித்தியாலமும் அக்கா மேலே சமையலறையில் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் நிற்பார். கீழே கதிரை நகர்ந்தால் இங்கே இவருக்கு நெஞ்சு அடைக்கும். அவன் மேலே வந்து கை கழுவியதும் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவார். இரண்டு கையாலும் வாங்கும் அளவுக்குப் பெரிய கோப்பை. வாங்கும்போது எண்ணிவிடுவார். பத்து. அதற்குப் பிறகுதான் அடுப்பு எரியும்.

வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு வேலை இருந்தது. கோடை குளிர் பாராமல் வெள்ளி மாலை வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது அக்காவின் வழக்கம். அடுப்பில் கரிவில்லையைச் சிவக்க வைத்து, தூபக்காலில் போட்டு, சாம்பிராணி தூவி, அறை அறையாகப் போவார். அதற்கு முன், விறாந்தையில் உள்ள புகை அலாரத்துக்கும் கீழே படிக்கட்டில் உள்ளதற்கும் பிளாஸ்ரிக் குளியல் தொப்பியைப் போட்டு மூடுவார். இல்லாவிட்டால் அது கத்தித் தொலைக்கும், ஸ்காபரோவில் பாதி வீடுகளில் நடப்பதுதான். புகை எல்லா அறைக்கும் போனது, பூட்டிய அறை ஒன்றைத் தவிர. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, கீழ் இடைவெளியால் புகையை ஊதி ஊதி உள்ளே அனுப்பப் பார்ப்பாராம். வீட்டிலேயே காவல் தேவைப்படுகிற அறை அது ஒன்றுதான், அதற்கு மட்டும் இல்லையே என்று அவருக்கு மனம் அடித்துக்கொண்டது.

ஜனவரி கடைசி வெள்ளி அன்று பனி கொட்டியது. அக்காவை நான்தான் என் காரில் வீட்டில் இறக்கினேன். தோசை சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். காரை நிறுத்த ஒழுங்கையில் திருப்பும்போது, பனி அள்ளும் வண்டி ஓரத்தில் குவித்துவிட்டுப் போன மேட்டில் என் கார் ஏறி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. அக்கா உள்ளே போய்க் கூப்பிட, கீழே வேலையில் இருந்த ராகுலன் மேலே வந்தான்.

"நீங்க உள்ள போங்கோ அன்ரி. ஃபைவ் மினிற்ஸ்" என்று பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அக்கா முகம் கழுவி, விபூதி பூசி, கரிவில்லையைப் பற்ற வைத்தார். தொப்பிகளைப் போட்டார். சாமியறை, இருக்கை அறை, படுக்கை அறைகள் என்று புகையோடு போனார். கீழே இறங்கும்போது நானும் பின்னால் போனேன். அந்த அறையை ஒருக்கால் பார்த்துவிட வேண்டும் என்ற விடுப்புப் பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம் எரிந்தது.

அக்கா நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததுபோலப் பயங்கரமாக எதுவும் இல்லை. ஒரு மேசை, அதில் பூட்டியிருந்த இரும்பு நெம்புகோல், சின்னத் தராசு. ஒரு பிளாஸ்ரிக் குழாயில் பாதிவரை சாம்பல் நிறத் தூள். மேசைக்குக் கீழே இரண்டு மூன்று அட்டைப் பெட்டிகள். தரை பளிச்சென்று இருந்தது. உப்பும் மிளகும், அன்றைக்குத்தான் போட்டதுபோல.

"காட்டட்டோ நிலாணி?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது. "மேசைக்குக் கிட்டப் போகமாட்டன். வாசலில நிண்டு மூண்டு சுத்து."

"தரை நல்ல துப்புரவாத்தானே கிடக்கு. கெதியாக் காட்டிப்போட்டு வாங்கோ" என்றேன். சொன்னது நான். இதை நான் எங்கேயும் மறைப்பதில்லை.

அக்கா ஒரே ஒரு அடி உள்ளே வைத்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. உதடு ஏதோ தேவாரத்தை முணுமுணுத்தது. மூன்றாவது சுற்றில் கரிவில்லை டிக் என்று வெடித்து, நகத்தளவு தணல் ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். எதுவுமே இல்லாத தரையில் இருந்து மஞ்சள் நெருப்பு எழும்பியது. அக்காவின் காலடியில் இருந்து மேசைக்குக் கீழே வரை கோடு கீறியதுபோல ஓடியது. அவன் கதவுக்கும் கதிரைக்கும் நடந்த பாதை அது என்று பிறகுதான் புரிந்தது. எங்கோ நடுவில் "பட்" என்று ஒன்று வெடித்தது. சீனவெடி அளவுதான். ஆனால் அந்த அறைக்குள் அது என் நெஞ்சுக்குள் வெடித்ததுபோல இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் நெருப்பு அணைந்துவிட்டது. தணல் மட்டும் உருண்டு போய் மேசைக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்டியின் மூலை கறுத்தது, பிறகு சிவந்தது. அதற்கு நேர் மேலே வெடிமருந்து இருந்த அந்தக் குழாய்.

புகை அலாரம் சத்தமே போடவில்லை. அதன் வாயை நாங்கள்தான் கட்டியிருந்தோம்.

அக்கா அசையவில்லை. தூபக்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணை அகல விரித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றார். ஓடிப்போய்த் தூக்கலாம் என்று சொன்ன மனுசி. நான் என்ன செய்தேன் என்றால், கத்தினேன். எனக்கு அது ஒன்றுதான் வந்தது.

மேலே கதவு அடித்தது. அந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு யாரும் வந்ததில்லை. ராகுலன் பனிச் சப்பாத்தோடு படியில் பாய்ந்து வந்தான். கையுறையை எங்கேயோ கழற்றி எறிந்திருந்தான். தாயை ஒரு கையால் வெளியே தள்ளினான். குனிந்தான். தணலை வெறும் வலது கையால் பொத்தி எடுத்தான். பெட்டியின் மூலையை ஈரச் சப்பாத்தால் மிதித்தான். பொத்திய கையைத் திறக்காமலே எங்களைத் தாண்டி, உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்கு ஓடித் தண்ணீர்க் குழாயைத் திறந்தான். தண்ணீருக்குக் கீழே பிடித்த பிறகுதான் அவன் வாயில் இருந்து சத்தம் வந்தது. இறைச்சி கருகிய மணம் சாம்பிராணி மணத்தோடு சேர்ந்து வந்தது. இப்போதும் கோவிலில் சாம்பிராணி போட்டால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தபோது அக்கா அவன் கையைப் பார்க்கவேயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். உள்ளங்கையும் மூன்று விரலும் வெந்திருந்தன. விரல்கள் தப்பும், தோல் ஒட்டவேண்டி வரலாம் என்று வைத்தியர் சொன்னார். எப்படி நடந்தது என்று அவர் கேட்குமுன்பே அக்கா எழுந்து நின்று, பொலிசுக்கு வாக்குமூலம் கொடுப்பதுபோல, "ஐ டிட் இற். மீ" என்றார்.

"இல்லை அம்மா. கதவைப் பூட்டாமல் போனது நான்" என்றான் ராகுலன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒவ்வொரு நாளும் கூட்டினனான் அம்மா. நீட்டாத்தான் இருந்தது. ஒண்டும் தெரியேல்லை" என்றான்.

அடுத்த நாள் நானும் போனேன். இடது கையில் ரோர்ச் லைற்றைப் பிடித்து, தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துக் காட்டினான். மிளகு என்று நாங்கள் விற்ற புள்ளிகளுக்கு நடுவில், நிறமும் அளவும் ஒத்த இன்னும் எத்தனையோ புள்ளிகள் சின்னச் சின்ன நிழலோடு எழும்பி நின்றன. மருந்துத் தூள். வெள்ளிப் பொட்டாக மூன்று பிறைமர்களும் கிடந்தன. நாலாவது அந்த "பட்".

திங்கட்கிழமை அக்கா கடைக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமல் என் முன்னால் இருந்தார்.

"அவன் வெள்ளை கேட்டவன்" என்றார்.

"நானும்தான் அக்கா வாய் வைச்சனான்."

"நீ தெரியாமல் சொன்னனி. எனக்குத் தெரியும். பதினேழு வருசம் ஃபுளோர் விக்கிறன், அவன் சொல்லுறது சரியெண்டு எனக்குத் தெரியாதே?" மேசையில் கிடந்த மாதிரிப் புத்தகத்தை அப்பால் தள்ளினார். "எனக்குப் பாக்கப் பயம் நிலாணி. வெள்ளையில அது கிடக்கிறதைக் கண்டனெண்டால் என்னால அந்த வீட்டில ஒரு நாள் இருக்கேலாது. தெரியாமல் கிடக்கட்டும் எண்டு நினைச்சன். என்ர பயத்துக்குத்தான் அந்தக் கலர் எடுத்தனான். அவன்ர கையை நானே சுட்டுப்போட்டன்."

நான் எழுந்து போய் அவருடைய கோட்டைக் கழற்றி மாட்டினேன்.

தோல் ஒட்டத் தேவைப்படவில்லை. ஆறு கிழமை ராகுலனால் வேலைக்குப் போக முடியவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன், துப்பாக்கியையும் சேர்த்து, என்று தாயிடம் சொன்னான். எவ்வளவு காலம் அவர் காத்திருந்த வார்த்தை அது! ஓம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அக்கா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் பேச்சு மூச்சில்லாமல், அப்பா செத்த வருடத்தைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். மூன்றாம் நாள் அக்கா கடையில் தன் பெயருக்கே ஒரு பற்றுச்சீட்டு எழுதினார். ஒன்பதுக்குப் பதினொன்று. பிளெய்ன் வைட்.

"அவன் விடுறனெண்டு சொன்னவன் எல்லே?" என்றேன்.

"விட்டால் வெறும் அறையா இருக்கட்டும். விடாட்டில் எனக்குத் தெரியவேணும்" என்றார்.

பழைய தரையை ஈரத் துணியால் மூன்று தரம் துடைத்து எடுத்த பிறகுதான் உரித்தோம். அதை முழங்காலில் இருந்து துடைத்தது அக்கா, வேறு யாரையும் கிட்ட விடவில்லை. அதன்பிறகு யாராவது கடையில் அழுக்குத் தெரியாத கலர் கேட்டால் அவர் எழுந்து போவதில்லை. என்னைப் பார்ப்பார். நான்தான் போய் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். வெள்ளைத் தரையில் கண் கூசியது. ராகுலன் ஒன்றையும் விற்றிருக்கவில்லை, மேசையில் குனிந்து ரவை செய்துகொண்டிருந்தான். உள்ளங்கையில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று இருந்தது. நடுவிரல் முழுக்க மடங்குவதில்லை. திறந்த வாசலில் சமையலறைக் கதிரையைப் போட்டுக்கொண்டு அக்கா இருந்தார். கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தார். நெம்புகோல் ஒவ்வொரு முறையும் இறங்கும்போது அவருடைய தோள் ஒருக்கால் துள்ளியது.

"பயம் போயிட்டுதோ அக்கா?" என்று காதுக்குள் கேட்டேன்.

"எங்க போறது?" என்று கையை எடுத்துக் காட்டினார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

வேலை முடிந்து, சாமான்களைப் பூட்டி வைத்துவிட்டு, ராகுலன் ரோர்ச் லைற்றைத் தாயிடம் கொடுத்தான். அக்கா முழங்காலில் இருந்து, வாசலில் தொடங்கி, அடி அடியாகப் பார்த்துக்கொண்டு போனார். கதிரைக் காலடியில் நின்றார். "உதில ஒண்டு." அவன் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தான். "அங்கால ரெண்டு." அதையும் எடுத்தான். கடைசி மூலை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். முகம் வெளிறியிருந்தது.

ராகுலன் போய்த் தொட்டியில் கை கழுவிவிட்டு வந்தான். தேத்தண்ணிக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துத் தாயின் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"எண்ணுங்கோ அம்மா" என்றான். "நீங்க எண்ணுறது எனக்குச் சின்னனிலயே தெரியும்."

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, அத்தனை வருடத்தில் முதல் தரமாக, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். இடது கையில் ஐந்தும் கெதியாக முடிந்தன. வலது கையில் ஒவ்வொரு விரலையும் நுனியில் இருந்து அடிவரை தொட்டுப் பார்த்து, மடங்காத விரலைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருந்து எண்ணினார். பத்து என்று சொல்லும்போது அழுதுகொண்டிருந்தார்.

"சரி, மேல வா" என்றார். "தேத்தண்ணி ஊத்துறன்."